பேட்டரி தானா சாகல

கும்பகோணம் ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு பேட்டரி ஆட்டோ டிரைவர் அண்ணன் புலம்புற வீடியோவை எல்லாரும் பார்த்துட்டீங்க. "கரண்டு வண்டின்னு ஏமாத்திட்டானுங்க, ஒரு வருஷத்துல பேட்டரி காலி"ன்னு அண்ணன் கத்துறாரு, கீழ சிரிப்பு எமோஜியா கொட்டுது. சிரிங்க. ஆனா அந்தப் பேட்டரி தானா சாகல, கொன்னிருக்காங்க.

வீடியோ நடுவுல பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டுறாங்களே, கவனிச்சீங்களா? டெர்மினல், அதான் கேபிள் மாட்டுற முனை, பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கிடக்கு. அங்க பிடிப்பு சரியில்லன்னா கரண்டு சூடாத்தான் வீணாகும், சக்கரத்துக்கு முழுசாப் போகாது. கேபிளைக் கழட்டி, வெந்நீர்ல சமையல் சோடா கரைச்சுக் கழுவி, இறுக்கி வாசலின் தடவணும். அவ்ளோதான் வேலை.

அடுத்து தண்ணி. மேட்டூர் திறக்குற தேதி ஜூன் 12ன்னு டெல்டாவுல குழந்தைக்கும் தெரியும். ஈயப் பேட்டரிக்குத் தண்ணி பார்க்குற நாள் யாருக்குத் தெரியும்? டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். குடிக்கிற கேன் தண்ணி கூடாது, நாகைப் பக்கத்து உப்பு போர்த் தண்ணியைக் கேக்கவே வேணாம். அதுவும் சார்ஜ் முடிஞ்ச பிறகுதான். முன்னாடியே நிரப்பினா சார்ஜ்ல பொங்கி ஆசிட் வழியும். உள்ள இருக்குற ஈயத் தட்டு தண்ணிக்கு வெளிய தெரிஞ்சா மட்டும் அது முங்குற அளவு ஊத்திட்டு சார்ஜ் போடலாம்.

பெரிய கொலை, "நிக்கிற வரைக்கும் ஓட்டு". இந்த வண்டியில நாலு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 48 வோல்ட். வண்டி கொஞ்ச நேரம் நின்ன பிறகு ஒரு பேட்டரி 12.7 காட்டினா ஃபுல், 12.2 காட்டினா பாதி. 12-க்குக் கீழ இறக்கி, ராத்திரி அப்படியே போட்டா தட்டுல சல்பேட்ங்கிற உப்பு இறுகிடும். அப்புறம் சார்ஜ் போட்டா வீட்டுக் கரண்டு மீட்டர் மட்டும் ஓடும், வண்டி ஓடாது. போற கரண்டுல நிறைய சூடாவும் வாயுவாவும் போயிடும். நாலுல ஒண்ணு படுத்தாலே மத்த மூணும் படுக்கும். வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா பாருங்க. மூணு பழசோட ஒரு புதுசை மட்டும் கோக்காதீங்க.

"லித்தியம் போட வேண்டியதுதானே?" போடலாம், காசு இருந்தா. ஈயப் பேட்டரியோட பழைய சார்ஜரையே அதுக்கும் மாட்டாம இருந்தா.

"டிரைவருக்கே பாடம் எடுக்குறியா?"ன்னு அடுத்து வருவீங்க. யாருமே எடுக்கலங்கிறதுதான்யா என் வயித்தெரிச்சல்! வித்தவன் மாலை போட்டான், சாவி குடுத்தான், போட்டோ எடுத்தான். தண்ணி ஊத்தணும்னு ஒரு வார்த்தை சொன்னானா? 4 பேர் உக்கார்ற வண்டியில 7 பேர் ஏறினவங்களும் இதே நீங்கதான். இழுவை கூடினா ஆம்பியர், அதாவது பேட்டரியிலேருந்து போற கரண்டு, கூடும், ஆம்பியர் கூடினா பேட்டரி சீக்கிரம் இறங்கும். இறங்கி நடந்தீங்களா? சிரிக்க மட்டும் வந்துட்டீங்க.

அண்ணன் திரும்ப டீசல் ஆட்டோவுக்கே அட்வான்ஸ் குடுக்கப் போறாராம். அதுலயாவது காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காத்து பாருங்கண்ணே.