பாலாற்றுக்கு வேண்டாம், கோட்டை அகழிக்கு வேண்டும்

எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் மிதந்தபடி தூர் வாரும் டிரெட்ஜர் என்ற ஒரு இயந்திரம், முன்னால் தண்ணீருக்குள் இறங்கும் இரும்புக் கை, அதன் நுனியில் சுழலும் வெட்டுத் தலை. பின்னால் நீளமாக மிதக்கும் குழாய், அதன் மறுமுனையில் கறுப்பாகச் சேறு பீறிட்டுக் கொட்டுகிறது. கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: "இதுல பத்து மெஷின் வாங்கினா பாலாறு, ஏரி எல்லாத்தையும் ஒரே வருஷத்துல ஆழப்படுத்திடலாம்." அதற்கு நூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

ஆதங்கம் புரிகிறது. பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் அந்த மெஷினைப் பாலாற்றில் இறக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அது ஏற்றதல்ல. வேலூரில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, அது கோட்டை அகழி. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ராணிப்பேட்டையில் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவன். எங்கள் பட்டறைக்குச் சேற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்புகள் நிறைய வரும். டிரெட்ஜர் என்று சொல்கிறோமே, அதன் உயிரும் அப்படியொரு பம்ப்தான். பம்ப் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும்; வெளியே இருக்கும் காற்றும் தண்ணீரும் சேர்ந்து சேற்றைக் குழாய்க்குள் தள்ளும். ஆழம் கூடக் கூட, கனத்த சேற்றை ஏற்ற அந்த அழுத்தம் போதாமல் போகும். அதனால்தான் பெரிய டிரெட்ஜர்களில் பம்பையே இரும்புக் கையோடு கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். பின்பக்கம் இரண்டு இரும்புத் தூண்கள் இருக்கும். ஒன்றைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்பக்கக் கம்பிவடங்களை மாற்றி மாற்றி இழுத்து, இடமும் வலமுமாக ஆடி வெட்டும். அப்புறம் அடுத்த தூணை ஊன்றி ஓர் அடி முன்னே போகும். அருமையான ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வீடியோ காட்டாது. மணல் குழாய்க்குள் படியாமல் ஓட வேண்டுமென்றால் நொடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், போல்ட்டைக் கழற்றித் துண்டு துண்டாகச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். வாய்ப் பக்கம் அடைத்துக்கொண்டு பம்ப் பட்டினி கிடந்தால், தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் இம்பெல்லருக்கு, அதாவது பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரத்துக்கு, ஆயுசு கொஞ்சம்தான். புதிதாகப் போடும்போது விரல் கனத்துக்கு இருந்த இறக்கை விளிம்பு, மணல் ஓடிக் கழற்றி வரும்போது கை வைத்தால் கீறும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். பம்பு உறையின் உட்பக்கம் அலை அலையாக அரித்திருக்கும். அடைத்துக்கொண்டு வரும் பம்பைத் திறந்தால் உள்ளே கிடப்பது புடவைத் துணி, நைலான் கயிறு, பால் பாக்கெட், ஆகாயத்தாமரை வேர். எல்லாம் முறுக்கிக்கொண்டு கயிறாகிக் கிடக்கும், கத்தியால் அறுத்துத்தான் எடுப்போம். நம் ஊர் நீர்நிலை எதில் மெஷினை விட்டாலும் முதலில் மாட்டப் போவது இவைதான்.

இதைவிடப் பெரிய சங்கதி குழாயின் மறுமுனை. உறிஞ்சி வருவதில் தரையிலிருந்து வெட்டிய மண் கன அளவில் ஒரு 10 முதல் 20 சதவீதம்தான், மீதியெல்லாம் தண்ணீர். ஒரு ஏக்கர் ஏரியில் ஓர் அடி வண்டலை எடுக்கிறோம் என்று வையுங்கள். அது 43,560 கன அடி. பொக்லைனில் அள்ளினால் மூன்று யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) டிப்பரில் சுமார் 145 நடை. அதையே உறிஞ்சி எடுத்தால், 15 சதவீதம் மண் என்று கணக்கு வைத்தாலும் சுமார் 82 லட்சம் லிட்டர் சேற்றுத் தண்ணீர் வெளியே வரும். அதை ஒரே மூச்சில் தேக்க சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கரை கட்ட வேண்டும். மண் படிந்து, தெளிந்த தண்ணீரை வடித்துத் திரும்ப ஏரிக்கு விட்டு, அடியில் இருப்பது காய வேண்டும். களிமண்ணாக இருந்தால் அது லேசில் காயாது. கடலில் ஓடும் டிரெட்ஜர் கப்பல்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2005-இல் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியபோது டிரெட்ஜர் என்ற பேச்சு வீடு வீடாகப் புழங்கியதே, அங்கே வெட்டிய மண்ணைக் கொட்ட நடுக்கடல் இருந்தது. வேலூருக்குக் கடல் இல்லை. ஆகவே மெஷின் வேண்டும் என்று கேட்கிறவர்கள், சேற்றை எந்த சர்வே எண்ணில் விடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, பாலாற்றுக்கு வருவோம். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திராவையும் தாண்டி, தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஓடுகிற என்று எழுதவே சங்கடமாக இருக்கிறது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்த ஆறும் இருக்கிறது, மேலே கட்டிய தடுப்பணைகள் பற்றிய வழக்கும் சண்டையும் தனிக் கதை. இந்த ஆற்றின் உண்மையான தண்ணீர்த் தொட்டி அதன் மணல்தான். மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி, வெள்ளம் வந்தால் அங்கேதான் தண்ணீர் போய்த் தங்கும், வெயில் அவ்வளவு சீக்கிரம் குடிக்காது. நம் தாத்தாக்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத மாதத்திலும் கழனிக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்த மணலில் பெரும்பகுதியை ஏற்கெனவே லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பல இடங்களில் களியும் பாறையும் தெரிகின்றன. இதற்கு மேல் ஆழப்படுத்தினால், ஆற்றின் தரை இறங்கும் அளவுக்கு இரு கரையிலும் உள்ள கிணற்று நீர்மட்டமும் இறங்கும். பாலத் தூண்களின் அடியும் வெளியே தெரியும்.

2021 நவம்பர் வெள்ளத்தைக் காட்டி, ஆழம் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்கிறார்கள். 1903-இல் வாணியம்பாடியை வெள்ளம் அடித்துப் போனபோது ஆறு நிறைய மணல் இருந்தது, அகலமும் இருந்தது. வெள்ளம் வரும்போது வரும். அதற்கு வழி விட வேண்டும். ஆற்றுக்குள் வளர்ந்த வேலிக்காத்தானை (சீமைக் கருவேலத்தை) வேரோடு எடுங்கள், கரை ஆக்கிரமிப்பை அகற்றுங்கள். உறிஞ்சும் பம்பைப் படகில் கட்டி ஆற்று மணலைத் திருடும் வேலை இந்தியாவில் பல ஆறுகளில் நடக்கிறது. பாலாற்றுக்கு அந்த வழியை அரசே திறந்துவிடக் கூடாது. ஒரு தரம் அனுமதி கொடுத்துவிட்டால், ராத்திரி குழாயில் போவது சேறா மணலா என்று யார் நின்று பார்ப்பது?

ஏரிகள் விஷயம் வேறு. பழைய வடாற்காடு ஏரிகளின் சீமை. மகேந்திரவாடி ஏரி மகேந்திரவர்மப் பல்லவன் பெயரில் வெட்டியது, அங்குள்ள குடைவரைக் கல்வெட்டிலேயே அந்த ஏரி இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்பார்கள். வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து இன்றும் இவற்றுக்குக் கால்வாய் போகிறது. இந்த ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடி போகும் (உபரி நீர் வழியும்), சித்திரை வைகாசியில் பெரும்பாலும் வற்றிவிடும். வற்றிய ஏரியில் மிதக்கும் மெஷினுக்கு என்ன வேலை? தண்ணீர் இருக்கும் மாதத்தில் ஓட்டினால், பாசனத் தண்ணீரையே சேற்றோடு வெளியே இறைக்க வேண்டும், மீன் குத்தகைக்காரர் வாயில் மண். வறண்ட மாதத்தில் பொக்லைனும் டிராக்டரும் போதும். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம், 2024-லிருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90. நல்ல திட்டம், இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும்.

என் மச்சினன் காவேரிப்பாக்கம் பக்கம் கழனி வைத்திருக்கிறான். வண்டல் அடித்த வருஷம் போய்ப் பார்த்தேன். கட்டி கட்டியாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கையில் எடுத்து உடைத்தால் உள்ளே நத்தை ஓடுகளும் இற்றுப்போன புல் வேரும் இருந்தன, பட்டுப் போல உதிர வேண்டிய மண் கொஞ்சம் ஈரம் பட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது. அவன் சொன்னது இது: "மேல இருக்கிற ரெண்டடிதான் மாமா எருவு. அதுக்குக் கீழ போனா சவுடு. கான்ட்ராக்டருக்கு வேண்டியது அந்தச் சவுடுதான்." சவுடு என்பது பள்ளம் நிரப்பப் போடும் மண்.

இதில்தான் ஏரி ஆழப்படுத்தும் பேச்சின் முழு ஆபத்தும் இருக்கிறது. வண்டலுக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் களிப் படுகை இருக்கும். அதை உடைத்துச் சவுட்டுக்கு இறங்கினால் தண்ணீர் நிலத்தடிக்குப் போகும், ஏரியில் நிற்காது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்தத் தண்ணீர் தானாகக் கால்வாயில் ஏறாது, மோட்டார் வைக்க வேண்டும். கரையோரம் தோண்டினால் கரை பலவீனமாகும். அப்புறம் அந்தப் பள்ளங்கள்: லீவு நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் ஏரிப் பள்ளத்தில் மூழ்கிய செய்தியை இந்த மாவட்டங்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்! எனக்கு அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது. வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யாமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதில் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள்.

ராணிப்பேட்டைக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் ஓடிய கழிவு எங்கே போயிருக்கும்? குரோமியம் நுண்ணிய களியோடு ஒட்டிக்கொள்ளும் சாமான், அடிச் சேற்றில் படியும். ஆலைக் கழிவு வந்த ஓடையின் கீழ் உள்ள எந்த ஏரியிலும், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி ரிசல்ட் வராமல் ஒரு டிராக்டர் வண்டலைக்கூடக் கழனியில் கொட்டக் கூடாது. மெஷினில் கலக்கி எடுப்பதற்கும் இதேதான்.

இப்போது கோட்டை அகழி. இங்கே என் கருத்து நேர்மாறானது. அகழியை வற்றவைத்துப் பொக்லைன் இறக்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுக் கல் மதில், பின்னால் ஈர மண். தண்ணீரைச் சடாரென்று வடித்தால் மதிலுக்கு முன்பக்கத் தாங்கல் போய்விடும், பின்னால் ஊறிய மண்ணின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். கரையில் நிறுத்திக் கை நீட்டி அள்ளவும் கனரக வண்டி மதிலோரம் வர வேண்டும். மிதக்கும் சின்ன டிரெட்ஜரைப் பிரித்து டிரெய்லரில் கொண்டுவந்து, தண்ணீரிலேயே பூட்டலாம். மதிலைத் தொடாமல், நீர்மட்டம் அதிகம் இறங்காமல் வேலை நடக்கும். எதிரே பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்கு நடுவே சேறு ஒழுகும் டிப்பர்களும் ஓட வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அகழியைத் தூர் வாரினார்கள். 2021 மழையில் அகழி நிறைந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. உபரி நீர் பாலாற்றுக்குப் போக வேண்டிய பழைய வழி அடைபட்டதுதான் காரணம் என்று அப்போது எல்லாரும் பேசினோம். எனவே அடுத்த முறை தூர் வாரும்போது வரிசை மாறக் கூடாது: முதலில் அந்த வடிகால், அடுத்து அகழிக்குள் வரும் சாக்கடை, அடுத்து வலை போட்டு மேலும் அடியிலும் உள்ள குப்பை, கடைசியில்தான் பம்ப். குப்பையோடு பம்பை விட்டால் முதல் வாரமே என் போன்றவன் பட்டறைக்கு வந்துவிடும். சேற்றை ஊருக்கு வெளியே அரசு நிலத்துக்குக் குழாயில் தள்ளலாம், நடுவில் ஒரு பூஸ்டர் பம்ப் போதும். இடம் இல்லையென்றால், தண்ணீரை வெளியே விட்டு மண்ணை உள்ளே பிடிக்கும் பெரிய ஜியோ துணிப் பைகள் இருக்கின்றன. செலவு கூடும், ஆனால் இடம் குறையும்.

டெண்டர் எழுதுகிறவர்களுக்குத் தொழில்காரனாக ஒரே வேண்டுகோள். பம்ப் ஓடிய மணிக்கணக்கை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். வெட்டுத் தலையை ஒரு முழம் தூக்கிப் பிடித்தால் வெறும் தண்ணீர்தான் வரும், மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கரையில் நிற்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வேலைக்கு முன் அகழியின் ஆழத்தைப் பத்தடிக்கு ஓர் இடம் அளந்து படம் போடுங்கள், முடிந்த பின் அதே இடங்களை மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். அந்த இரண்டு படங்களையும் மண் பரிசோதனை ரிசல்ட்டையும் கோட்டை வாசலில் பலகையில் எழுதி வையுங்கள், போகிற வருகிறவர்கள் படிக்கட்டும்.