விமானத்தில் 20 கிலோ இலவசம் என்பது சட்டமா? உண்மை விளக்கம்

'எந்த விமானத்தில் போனாலும் 20 கிலோ பயணப்பொதி இலவசம், அது சர்வதேசச் சட்டம், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்' என்றொரு வாட்ஸ்அப் செய்தி இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

அப்படி ஒரு சட்டமே இல்லை. செய்தி காட்டும் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, பொதி தொலைந்தால், சேதமானால், தாமதமானால் விமான நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதைச் சொல்கிறது. எத்தனை கிலோ இலவசம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை முடிவு செய்வது நீங்கள் எடுத்த டிக்கெட்தான். ஏர் ஏசியாவின் மலிவான டிக்கெட்டில் 7 கிலோ கைப்பொதி மட்டுமே. பெட்டிக்குத் தனிக் காசு.

இதை நம்பினால் பெரிதும் அடிபடுவது நம் மலையக ஆட்கள்தான். தமிழ்நாட்டின் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற சொந்தங்களுக்கென்று தேயிலைத்தூள், மாசி, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு, இரவோடு இரவாக மலையிறங்கிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறோம். தராசில் வைத்த பிறகு வாதாடிப் பலனில்லை. அங்கே கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் காசு கேட்பார்கள். பெட்டிக்கான எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

டிக்கெட் எடுத்துத் தரும் கடையில், 'இதில் பெட்டிக்கு எத்தனை கிலோ?' என்று கேட்டு, பதிவுத்தாளில் அந்த எண்ணைக் கண்ணால் பாருங்கள். வெறும் 7 கிலோ கைப்பொதி என்று மட்டும் இருந்தால், பெட்டிக்கான எடையை அங்கேயே காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பவர்பேங்கைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது கைப்பொதியில்தான் போக வேண்டும்.