நிபந்தனை போடும் நாயகியை எனக்குப் பிடிக்கும்

நம் இலக்கிய வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "ஒப்பந்தக் கல்யாணக் கதை படிக்கும் அம்மணிகள் யாராவது இங்கே உண்டா?" என்று பேச வந்த நாவலாசிரியர் ஐயா கேட்டார். சபை சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆமாம், படிக்கிறேன். பழைய பஸ் நிலையத்துப் பெட்டிக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்திலிருந்து படிக்கிறேன். இப்போது கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது, விடாமல் படிக்கிறேன்.

கதை உங்களுக்கும் தெரியும். தாத்தா எழுதிய உயிலின்படி சொத்து கைக்கு வர அவனுக்கு ஒரு மனைவி வேண்டும். தம்பியின் படிப்புக்கோ அப்பாவின் கடனுக்கோ அவளுக்குப் பணம் வேண்டும். ஒரு வருடத்துக்கு என்று பேசிக் கையெழுத்துப் போடுவார்கள். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முடிவுக்காக யார் படிக்கிறார்கள்? கையெழுத்துக்கு முன்னால் வருகிற அந்த நாலு பக்கத்துக்காகப் படிக்கிறேன். அவள் அவன் எதிரே உட்கார்ந்து, "எனக்குத் தனி அறை வேண்டும். வேலையை விடமாட்டேன். என் சம்பளம் என் அம்மாவுக்குப் போகும். சம்மதமா?" என்று கேட்பாள். அவன் பதில் சொல்லியாக வேண்டும். மழுப்ப முடியாது, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவ முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் கூடினார்கள். நான் அடுப்படிக் கதவோரம் நின்றேன். பவுன் எத்தனை, குத்துவிளக்கு வெள்ளியா பித்தளையா, மண்டபம் யார் செலவு, முகூர்த்தத்தன்று காலை டிபன் யார் செலவு, எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசினார்கள். பெரியப்பா ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி, இரண்டு தரப்புக்கும் உரக்கப் படித்தும் காட்டினார். அப்போது நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தத் தாளில் என் வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்யாணம் முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மாமியார் கேட்டார்: "இன்னுமா போகப் போகிறாய், கண்ணு?" கண்ணு என்றுதான் கேட்டார். அவ்வளவு பிரியமாகக் கேட்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆக, என் கல்யாணமும் ஒப்பந்தம்தான். பேசினார்கள், எழுதினார்கள், படித்துக் காட்டினார்கள். பேசியவர்களில் நான் இல்லை, அவ்வளவுதான். கதையில் அவள் இருக்கிறாள். அதனால்தான் பிடிக்கிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கதைகள் வெள்ளைக்காரச் சரக்கு என்று வேறு சொன்னார் ஐயா. இருக்கட்டும். இங்கிலாந்தில் 1882-இல் சட்டம் வரும்வரை கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் புருஷன் கைக்குத்தான் போனது. அங்கே கல்யாணமே சொத்துக் கணக்காக இருந்தது, அதனால் அப்படிக் கதை வந்தது. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லாமல் இருந்தது. இடம் இருந்தவர்கள் மட்டும் என்ன செய்தோம்? அண்ணன் தம்பிகள் காரில் அழைத்துப் போனார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். நல்ல புடவைதான், குறை சொல்லக் கூடாது.

"கடத்தித் தாலி கட்டுகிறவனையும் நாயகன் என்கிறார்களே?" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டார். அப்படியும் எழுதுகிறார்கள். நாயகன் கை ஓங்கினால் அந்த இடத்திலேயே மூடிவிடுவேன். அங்கே அவளை யாரும் கேட்பதில்லை, நான் சொல்லும் கதையில் கேட்கிறார்கள். இந்த வித்தியாசம் புரியாதவரோடு வாதாட எனக்கு நேரமில்லை. பணமுடையில் போடும் கையெழுத்து சம்மதமாகுமா என்று இன்னொருவர். நியாயமான கேள்வி. அடுத்த முகூர்த்தத்துக்கு மொய்க் கவரோடு போவீர்கள் அல்லவா, அங்கே மணமேடையில் நின்று கேளுங்கள்.

நடைமுறைக்கு ஒவ்வாத கதைகள் என்பது வாஸ்தவம். கதையில் ஏற்காட்டுக் காபித் தோட்ட முதலாளிக்கு இருபத்தெட்டு வயது, ஆறடி உயரம். நான் பார்த்தவர்கள் முட்டுவலியோடு மிளகு விலையையும் காட்டெருமையையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எந்த நாயகியும் வாந்தி எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் நான் எடுத்தேன். அவர் முன்னால் போய் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

உடனே என் புருஷனைக் கொடுமைக்காரர் ஆக்கிக் கருத்துப் போடாதீர்கள். நல்ல மனிதர். வேலைக்குப் போகட்டுமா என்று நான் நேராகக் கேட்டிருந்தால் போ என்றுகூடச் சொல்லியிருப்பார். கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டில் இருந்ததா?

ஐயாவின் நாவல்களையும் படித்திருக்கிறேன், கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் கிணற்றில் விழுகிறாள். ஒன்றில் சித்தம் கலங்கித் தெருவில் அலைகிறாள். மூன்றாவதில், நாயகனுக்கு ஞானம் பிறக்க வேண்டும் என்பதற்காகவே காய்ச்சலில் சாகிறாள். அதெல்லாம் இலக்கியம். என் நாயகி கடைசிப் பக்கத்திலும் உயிரோடு இருக்கிறாள், காலையில் வேலைக்குக் கிளம்புகிறாள். அது குப்பை. சரி, குப்பை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்துவிட்டது. வரவேற்புரை என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், வழக்கம்போல என்னைக் கேட்காமல். எடுத்துவிடுங்கள். நான் வரத்தான் வேண்டும் என்றால் வரவேற்புரை வேண்டாம், ஐயாவுக்கு முன்னால் பதினைந்து நிமிடப் பேச்சு வேண்டும். தலைப்பை நானே வைப்பேன். சம்மதமா என்று எழுத்தில் சொல்லுங்கள்.