12 ஆண்டு குத்தகைக்கு விட்டால் நிலம் போய்விடுமா?

'12 வருஷம் ஒருவர் உழுதால் நிலம் அவர் பெயருக்கு மாறிவிடும், உடனே குத்தகைக்காரரை வெளியேற்றுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் 12 ஆண்டுக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது உரிமையாளரின் உரிமையை மறுத்து, எதிர் அனுபவமாக, அதாவது சம்மதமில்லாமல் தன் சொந்த நிலம்போல, வைத்திருப்பவருக்கு. குத்தகைக்காரர் உங்கள் சம்மதத்தோடு உழுகிறார். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லை உங்கள் வீட்டில் அளந்து போடுகிறாரே, அதுவே உங்களை உரிமையாளராக அவர் ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி. குத்தகை நீடிக்கும்வரை, நிலம் கொடுத்தவரின் உரிமையை அவர் மறுக்க முடியாது என்கிறது சாட்சியச் சட்டம்.

அப்புறம், 'உடனே வெளியேற்றுங்கள்' என்ற யோசனைதான் ஆபத்தானது. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல் போன்ற காரணம் இருந்தாலும், முறையாக மனுச் செய்துதான் வெளியேற்ற முடியும். வேலி போட்டுத் தடுத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

சட்ட வாசகங்களை அரசின் இந்தியா கோட் (India Code) இணையதளத்தில் யாரும் படிக்கலாம். குத்தகை உரிமைப் பதிவு விவரத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

பயந்துபோய் நல்ல நஞ்சையைத் தரிசாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள், பார்க்கவே வேதனை. குத்தகைக்கு விட, பக்கத்து வயல்களை ஒழுங்காக வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், ஒவ்வொரு போகத்துக்கும் ரசீது கொடுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.