சிப்பாய் எறும்பின் அம்மா சிப்பாய் இல்லை

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் ஆரம்பித்தார். "எறும்பப் பாருங்க தம்பி. ராணி, வேலைக்காரி, சிப்பாய்னு பொறப்புலயே பிரிச்சு வச்சிருக்கு. நம்ம முன்னோருங்க சும்மாவா வச்சாங்க?" ரசம் வந்துவிட்டதால் அப்போது வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பூச்சியியல்காரர்களே இந்தப் பிரிவுகளுக்கு ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். வேறு சொல்லா கிடைக்கவில்லை?

ஃபைடோலே என்று ஓர் எறும்புப் பேரினம். சிந்திய சோற்றுப் பருக்கையைப் பொடி எறும்புகள் மொய்க்கும்போது, நடுவில் உடம்புக்குப் பொருந்தாத பெரிய மண்டையோடு ஒன்றிரண்டு திரியுமே, அந்த வகை. மண்டைக்காரிதான் சிப்பாய். விதை உடைப்பதும் எதிரியைக் கடிப்பதும் அவள் பாடு. இந்தப் பேரினத்தில் பொடி வேலைக்காரிக்கும் சரி, சிப்பாய்க்கும் சரி, சூலகமே கிடையாது. முட்டையே இட முடியாது. அதாவது, சிப்பாய்க்குப் பிறந்த சிப்பாய் என்று ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் அம்மா ராணி. அப்பா, ராணியோடு பறந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போன ஓர் ஆண். குலத்தொழில் என்றால் அப்பன் தொழில் பிள்ளைக்கு வரவேண்டும். இங்கே கைமாற்றிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

டார்வினையே தடுமாற வைத்த சிக்கல் இது. பிள்ளை பெறாத உயிரின் உடல்வாகு எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்? தன் கொள்கையையே கவிழ்த்துவிடும் போலிருந்தது என்று 1859இல் வந்த புத்தகத்தில் அவரே எழுதினார். தனி எறும்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்த்தபோது வழி கிடைத்தது. நல்ல சிப்பாய்களை உருவாக்கிய கூடு பிழைத்தது; அந்தக் கூட்டின் புது ராணிகளும் ஆண்களும் அந்தத் திறனைச் சுமந்து போனார்கள். 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் அதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார்.

சரி, யார் சிப்பாய் ஆவது என்று முடிவு செய்வது எது? பெரும்பாலும் தீனி. புழுப் பருவத்தில் நன்றாகச் சாப்பிட்டு ஓர் அளவைத் தாண்டி, பூச்சிகளின் வளர்ச்சியை நடத்தும் ஜுவனைல் ஹார்மோன் ஏறினால் சிப்பாய், இல்லாவிட்டால் பொடி. கூட்டில் சிப்பாய்கள் பெருகிவிட்டால் அவர்களின் வாசனையே புதுச் சிப்பாய்கள் உருவாவதைத் தடுக்கிறது. இந்தப் பேரினத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் வெறும் 8இல்தான் சிப்பாயைவிடப் பெரிய சூப்பர் சிப்பாய் உண்டு. 2012இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் எஹாப் அபூஹைஃப் குழு, அது இல்லாத இனங்களின் புழுக்களுக்கு ஹார்மோன் போன்ற ஒரு மருந்தைத் தடவியது. சூப்பர் சிப்பாய்கள் வந்து நின்றன! மூதாதை காலத்துத் திறன் உள்ளே உறங்கிக் கிடந்திருக்கிறது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இலைவெட்டி எறும்புகளில் எந்த அப்பாவின் மகள் என்பதும் உடல் அளவைக் கொஞ்சம் சாய்க்கிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் டேனியல் குரோனாவர் ஆய்வகத்தில் நடந்தது. ராணியே இல்லாத, தன்னையே நகலெடுத்துப் பெருகும் ஓர் எறும்பு. ஒரே மரபணு, ஒரே வயது. அப்படிப்பட்ட 6 எறும்புகளைச் சேர்த்து வைத்தாலே சில வெளியே சுற்றப் போகின்றன, சில புழுக்களோடு வீட்டில் இருக்கின்றன. சேர்ந்து வாழத் தொடங்கியதுமே வேலை பிரிகிறது. யாரும் பிரித்து வைக்கவில்லை.

அப்புறம் வயது. பல இனங்களில் இளசுகளுக்கு உள்வேலை, வயதானவர்களுக்கு வெளிவேலை. நம் மாமரத்து முசுறு எல்லைப்புறக் கூடுகளில் காவலுக்கு வைப்பதும் வயதானவர்களைத்தான். மாங்காய் பறிக்கப் போய்க் கடி வாங்கியவர்களே, உங்களைக் கடித்தது அநேகமாக ஒரு கிழவி.