கற்பனைகளைக் கைக்கொள்ள வேண்டுமா? மல்கியா 3-ஐ முழுசாகப் படிப்போம்

மோசேயின் நியாயப்பிரமாணத்துக் கட்டளைகளைக் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை வாட்ஸப் குழுவில் யாராவது போட்டால் பத்து நிமிஷத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி ரோமர் 6:14-ஐப் போடும்: நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள். மறு கட்சி மத்தேயு 5:17-ஐப் போடும்: அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன். முதல் கட்சி ரோமர் 6:14-இன் மீதியைச் சொல்வதில்லை. "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்பதுதான் அந்த வாக்கியத்தின் முடிவு. கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் பாவம் செய்யலாமா என்று அடுத்த வசனத்தில் பவுலே கேட்டு, "கூடாதே" என்று பதிலும் சொல்கிறார். மறு கட்சி ஒரு எழுத்தும் ஒழியாது என்கிறது. ஆனால் வஸ்திரத்தின் நாலு மூலையிலும் தொங்கல் வைத்துக்கொண்டு (உபாகமம் 22:12) அவர்களில் யாரும் ஆலயத்துக்கு வருவதில்லை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வேதாகமத் திருப்புதலில் கட்டளைக்கு "கற்பனை" என்று இருக்கிறது. கற்பித்தல் என்றால் கட்டளையிடுதல் என்ற பழைய பொருளில் வந்த சொல் அது. இன்றைக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளை "தேவனுடைய கற்பனை" என்று வாசித்தால் ஆண்டவர் எதையோ யோசித்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கும். கத்தோலிக்கர் "கட்டளை" என்றே சொல்கிறார்கள். எண்ணிக்கையிலும் குழப்பம் உண்டு. "கொலை செய்யாதே" சி.எஸ்.ஐ. சபையில் ஆறாவது, கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபைக்கும் ஐந்தாவது. அவர்கள் அந்நிய தேவர்களையும் விக்கிரகத்தையும் ஒரே கட்டளையாக எண்ணி, இச்சையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் "ஆறாம் கற்பனையை மீறினான்" என்று யாராவது சொன்னால், எந்தச் சபை என்று கேட்டுவிட்டு அதிர்ச்சியடையுங்கள்.

என் பதில் "வேண்டும்" என்பதுதான். ஆனால் சீனாய் மலையில் மோசே வழியாக இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கை அப்படியே நம் தலையில் இருக்கிறது என்ற அர்த்தத்தில் அல்ல. இதற்கு எனக்குப் பெரிய சாட்சி 1 கொரிந்தியர் 7:19. "விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை, தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறதே காரியம்." நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பான யூதப் பிரிவில், பரிசேயனாகப் படித்த பவுல் எழுதியது இது. விருத்தசேதனமே (ஆண்பிள்ளைக்கு நுனித்தோல் நீக்கும் சடங்கே) ஒரு கற்பனை என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதுகிறார். ஆக, பவுலின் கணக்கில் மோசேயின் புத்தகத்தில் இருக்கிற எல்லாமும் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசி கைக்கொள்ள வேண்டிய "தேவனுடைய கற்பனை" ஆகிவிடாது. அதே சமயம், கைக்கொள்ள ஒன்றுமே இல்லை என்றும் ஆகாது. 1 கொரிந்தியர் 9:21-இல் தன்னைக் "கிறிஸ்துவின் பிரமாணத்துக்குள்ளானவன்" என்று சொல்லிக்கொள்கிறாரே, அந்த இடம்தான் நாம் நிற்க வேண்டிய இடம்.

எது நிற்கிறது, எது கழிகிறது என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நாட்டுச் சட்டம் என்ற மூன்று பிரிவு. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை விரிவாக வகுத்தார். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஏழாவதும் இதையே சொல்கிறது. முதல் வகை நிற்கும், மற்ற இரண்டும் கட்டுப்படுத்தாது. பாடம் நடத்த வசதியான சூத்திரம்தான். லேவியராகமம் 19-ஐத் திறந்ததும் சிக்கிக்கொள்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடு (9), கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது (13), நியாயத்தில் முகம் பார்க்காதே (15), பிறனில் அன்புகூரு (18), இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே (19), தாடி ஓரத்தைக் கத்தரிக்காதே (27), பச்சை குத்தாதே (28), அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே (35). பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை. பிரிவு நாம் போட்டது.

நாம் போட்டது என்று ஒத்துக்கொண்டால், எதை வைத்துப் போட்டோம் என்றும் சொல்ல வேண்டும். நான் கேட்கிற கேள்விகள் இவை. இது யாருக்குச் சொல்லப்பட்டது? என்ன காரணம் சொல்லப்பட்டது? கிறிஸ்துவிலே அந்தக் காரணம் நிறைவேறிவிட்டதா? அப்போஸ்தலர்கள் இதை எடுத்து எப்படிப் பயன்படுத்தினார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். "போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக" என்பதை எடுத்து, ஊழியனுக்குப் பிழைப்பு கொடுங்கள் என்று பவுல் வாதாடுகிறார் (1 கொரிந்தியர் 9:9). களத்து மாட்டுச் சட்டம் சம்பளச் சட்டமாகிறது. அதில் அடங்கிய நியாயம் நிற்கிறது.

உபாகமம் 22-இல் இதைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வசனத்தை, ஆண் உடையைப் பெண் அணியக்கூடாது என்பதை, வாலிபப் பெண்களின் ஜீன்ஸுக்கு எதிராக எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். மூன்று வசனம் தள்ளி எட்டாவது இருக்கிறது: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். நம் ஊர் வீடுகளுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. மூடாத கிணறு, அறுந்து தொங்கும் மின்கம்பி, மலக்குழிக்குள் ஆளை இறக்குகிற வீட்டுக்காரர் எல்லாம் இந்த வசனத்துக்குள் வருகிறவர்கள். இதை வைத்து ஒரு பிரசங்கம் வந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுநாள் விஷயத்தில் சனிக்கிழமைக்காரர்கள் வசனத்துக்கு நேர்மையாக இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நான்காம் கட்டளை சொல்வது ஏழாம் நாளை, அதாவது வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி சூரியன் மறைவு வரை. அதை ஞாயிற்றுக்கு மாற்றச் சொல்லும் வசனம் கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் மாற்றினார் என்ற வாதம் மட்டும் தவறு. அவர் ஞாயிறைப் பொது விடுமுறை ஆக்கினார், அவ்வளவே. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடியதை ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருக்கிறார். பத்தில் ஒன்பது கட்டளைகளின் சாரம் புதிய ஏற்பாட்டு நிருபங்களில் மறுபடி வருகிறது. ஓய்வுநாள் மட்டும் கட்டளையாக வரவில்லை. அதைக்குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. நாள் போனது. காரணம் போகவில்லை. உபாகமம் 5:14 சொல்லும் காரணம், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பிரியாணி சாப்பிடுகிற வீட்டில், அந்தப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்?

அப்போஸ்தலர் 15 இன்னொரு சோதனை. புறஜாதி விசுவாசிகளிடம் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் சங்கம் விலக்கச் சொன்னது நான்கு: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். ஆட்டு ரத்தப் பொரியலை ரசித்துச் சாப்பிடுகிற சபைகள் நம்மிடம் ஏராளம். யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருந்த சூழலுக்காகச் சொன்னது என்பார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அங்கே சூழலைப் பார்த்த ஆள், பச்சை குத்தின பையனைப் பார்த்ததும் சூழல் பார்க்காமல் லேவியராகமம் 19:28-ஐ எடுத்து வீசக்கூடாது. அந்த வசனம் செத்தவனுக்காக உடம்பைக் கீறிக்கொள்வதோடு சேர்த்துச் சொல்லப்பட்டது.

இப்போது பணம். வாரம் முழுக்கக் கிருபையைப் பிரசங்கிக்கிறவர் காணிக்கை நேரத்தில் மட்டும் சீனாய் மலை ஏறிவிடுகிறார். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, என்ன என்று சட்டத்திலேயே பார்ப்போம். அது நிலத்தின் விளைச்சலிலும் கால்நடையிலும் வந்தது. கோலுக்குக் கீழே கடந்துபோகும் பத்தாவது ஆடு கர்த்தருக்கு (லேவியராகமம் 27:32). வாங்கியவர்கள் ஆலயப் பணி செய்த கோத்திரத்தாரான லேவியர். அவர்களுக்கு நிலத்தில் சுதந்தரம் (பங்குரிமை) இல்லை என்பதால் கொடுக்கப்பட்டது (எண்ணாகமம் 18:21-24), அவர்களும் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுத்தார்கள். யூத மரபு இதைக் கணக்குப் போட்ட விதம்: ஆசாரியனுக்கான பங்கை எடுத்தபின் 100 மூட்டை இருந்தால் 10 லேவியனுக்கு. மீதி 90-இல் 9 மூட்டை இரண்டாம் தசமபாகம். அதை முதல், இரண்டாம், நான்காம், ஐந்தாம் வருஷங்களில் கொடுத்தவனே எருசலேமுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். தூரமானால் விற்றுக் காசாக்கி, அங்கே ஆடு, மாடு, திராட்சரசம் என்று மனது விரும்பியதை வாங்கலாம் (உபாகமம் 14:24-26). மூன்றாம், ஆறாம் வருஷங்களில் அந்த 9 மூட்டை ஏழைக்கு. ஏழாம் வருஷம் நிலம் சும்மா கிடக்கும், தசமபாகமே கிடையாது. மாதச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைப் போதகரின் கணக்குக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

"ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே" என்பார்கள். அவர் கொடுத்தது போரில் மீட்ட கொள்ளைப்பொருளில். வேதத்தில் அப்படி ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறது. முந்தியது என்பதால் நிற்கும் என்றால் ஆபிரகாமின் விருத்தசேதனமும் முந்தியதுதான். "ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துவதையும் விடாதிருக்க வேண்டும் என்று இயேசு சொன்னாரே" என்றால், அதைக் கேட்டவர்கள் ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்துப் பரிசேயர்கள். எபிரெயர் 7:12 ஆசாரியத்துவம் மாறினால் பிரமாணமும் மாற வேண்டும் என்கிறது. புதிய ஏற்பாட்டின் அளவு 2 கொரிந்தியர் 9:7: அவனவன் தன் மனதில் நியமித்தபடி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. மனதார ஒருவர் பத்தோ இருபதோ கொடுத்தால் மிக நல்லது. கொடுக்காதவனுக்குச் சாபம் வரும் என்று பயங்காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்தச் சாபத்துக்கு எடுக்கிற இடம் மல்கியா 3:9-10. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் கர்த்தர் தீவிரமான சாட்சியாக வருவேன் என்று பட்டியல் போடுகிறார்: பொய்யாணை இடுகிறவர்கள், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு (அந்நியனுக்கு) அநியாயம் செய்கிறவர்கள். தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற பத்தாம் வசனம் காணிக்கைக் கவரில் அச்சாகிறது. ஐந்தாம் வசனம் எந்தக் கவரிலும் அச்சாவதில்லை. சபை நடத்துகிற பள்ளியில் ஆசிரியைக்கு ஒரு தொகை கொடுத்து இன்னொரு தொகைக்குக் கையெழுத்து வாங்கினால், அது ஐந்தாம் வசனம்.

"பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக" என்று குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, பெண் வீட்டாரிடம் சவரன் கணக்குப் பேச உட்காருகிறோம். சாதி வேறுபாட்டைச் சபையில் உடனே முழுவதுமாக விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833-இல். அதற்குத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சரித்திரத்தில் இருக்கிறது. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் முகதாட்சிணியத்தைக் கண்டிக்கிறபோது லேவியராகமம் 19-இல்தான் கால் ஊன்றி நிற்கிறார். அதே யாக்கோபு பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பார் (5:4). அதுவும் லேவியராகமம் 19:13-இன் எதிரொலி. கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்ற பேச்சு வரும்போது மட்டும் நமக்கு "நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்" என்று ஞாபகம் வந்துவிடுகிறது.

அதனால் தசமபாகம் கட்டாயம்தான் என்று இன்னும் சொல்கிற சபைகளுக்கு ஒரு கேள்வி மட்டும். உபாகமம் 14:28-29-இன்படி மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சேர வேண்டும். அந்தக் கணக்கு வருடாந்தரக் கூட்டத்து அறிக்கையில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?