ஒரே ஒரு நம்பர்ல போச்சு

"ஒரே ஒரு நம்பர்ல போச்சுங்கண்ணா!" நேற்று கம்பெனி டீ டைமில் செக்கிங் டேபிள் தம்பி செல்போனை நீட்டினான். மூணு நம்பர் லாட்டரியில் அவன் கட்டியது 438, வந்தது 439. முகத்தில் வருத்தமே இல்லை. "பக்கத்துல வந்துட்டேன், அடுத்து விழுந்துரும்" என்கிறான். எனக்குத்தான் பகீரென்றது.

இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா டீக்கடையில் ரிசல்ட் பேப்பரை விரித்து, ஒவ்வோர் இலக்கமாக விரலை நகர்த்துவார். கடைசி இலக்கத்தில் விரல் நின்றுவிடும். மறுநாள் ஒரு சீட்டுக்கு இரண்டாக வாங்கி வருவார். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

தடைக்குப் பிறகும் மூணு நம்பர் சீட்டு திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் கணக்கு இதுதான். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள், விழுவது ஒன்று. ஒரே ஓர் இலக்கம் மட்டும் தப்பிப்போகிற எண்கள் எத்தனை? மூன்று இடம், இடத்துக்கு ஒன்பது தப்பான இலக்கம், ஆக 27. ஒரு தடவை விழுவதற்குள் சராசரியாக 27 தடவை 'ஒரே நம்பர்ல போச்சு' என்று சொல்லியாக வேண்டும். ஆறு இலக்கச் சீட்டானால் 54 தடவை. தம்பிக்கு அதிர்ஷ்டம் கிட்டே வரவில்லை. யார் கட்டினாலும் இப்படித்தான் தப்பும்.

விடாமல் கட்டினால் ஒருநாள் விழாதா என்றும் கேட்கிறார்கள். தினம் ஒன்றாக ஆயிரம் நாள் கட்டினாலும் நூற்றுக்கு 37 பேருக்கு ஒருமுறைகூட விழுந்திருக்காது. நேற்று என்ன வந்தது என்று குலுக்கலுக்குத் தெரியாது.

கேரளா ஓணம் பம்பர் லாட்டரி அந்த மாநில அரசே நடத்துவது, அது வேறுதான். 2023இல் முதல் பரிசு 25 கோடி எங்கள் திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் நால்வருக்கு விழுந்தது. கேரள எல்லையில் உள்ள வாளையாரில் வாங்கிய சீட்டு. இங்கே அதைப் பேசாத டீக்கடை இல்லை. 500 ரூபாய் விலையில் அந்த வருடம் 75 லட்சத்துக்கும் மேல் சீட்டு விற்றதை மட்டும் யாரும் பேசவில்லை. அந்த 25 கோடியிலும் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், அப்புறம் 30 சதவீத வருமான வரி, அந்த வரிமேல் சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரி எல்லாம் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

நாளை சனிக்கிழமை, சம்பள நாள். கவரை வாங்கிய கையோடு எத்தனை பேர் நேராக நம்பர் கட்டப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு தம்பி இருப்பான். திட்டாதீர்கள், கேட்க மாட்டான். ஒரு துண்டுச் சீட்டில் அவன் நம்பரை எழுதி, ஓர் இலக்கம் மட்டும் தப்பிப்போகிற அந்த 27 எண்களையும் அவன் கையாலேயே எழுத வையுங்கள். நேற்று எங்கள் தம்பி எழுதினான். பதினைந்தாவது எண்ணில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.